மாறும் வேலைச் சந்தையைப் பின்தொடர்வது எப்படி? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடி, குடியாத்தம் பக்கம் டிப்ளமாவோ டிகிரியோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஒரே வரிசையில்தான் தொடங்குகிறார்கள். முதலில் பத்து இருபது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்கிறார்கள். அடுத்து யாரோ சொன்ன கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். பிறகு கண்ணில் படுகிற விளம்பரத்துக்கெல்லாம் ரெஸ்யூம் போகிறது. ஒன்றும் நடக்காதபோதுதான், "சார், இப்போ எதுக்குத்தான் ஆள் எடுக்கிறாங்க?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கு நீங்களே விடை கண்டுபிடிக்கும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நகரும்.

வீட்டில் உடனே வருமானம் தேவை என்றால் கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுங்கள், தயங்க வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் இந்த முறை நடக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, அல்லது போனிலேயே ஒரு எக்செல் தாள். வேலைக்கென்று மட்டும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி. உங்கள் பெயரிலேயே உள்ள ஒரு போன் எண்; பாதியில் மாற்றக் கூடாது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள்.

மின்னஞ்சல் தனியாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நேர்காணல் அழைப்பு வந்து, கடை விளம்பரங்களுக்கு நடுவே கிடந்து, தேதி முடிந்த பிறகு அதைத் திறந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். போன் எண்ணும் அப்படித்தான். அரசு இணையதளங்களில் எல்லாமே ஓ.டி.பி.யில்தான் திறக்கும், அண்ணன் எண்ணையோ பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ கொடுத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாமல் நிற்பார்கள்.

1. ஒரு வேலை, ஒரு சுற்றளவு

"எந்த வேலையா இருந்தாலும் ஓகே" என்று தொடங்கினால் சந்தையைக் கவனிக்கவே முடியாது. எதை எண்ணுவது என்றே தெரியாமல் போகும். ஒரு வேலைப் பெயரை எழுதுங்கள். அது வாழ்நாள் முடிவு அல்ல, மூன்று மாதம் கவனிக்கப்போகும் வேலை, அவ்வளவுதான். வேண்டுமானால் பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றும் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டாம்.

அடுத்தது சுற்றளவு. தினமும் வீட்டிலிருந்து போய் வர முடிகிற இடங்கள் எவை, விடுதியில் தங்கிப் போகத் தயாரான இடங்கள் எவை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். ஆற்காடு, வாலாஜாவில் இருப்பவருக்கு ராணிப்பேட்டை சிப்காட் தினசரிப் பயணம். கம்பெனி பஸ் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் அந்தப் பட்டியலில் வரலாம். வாணியம்பாடிக்காரருக்கு ஆம்பூர் பக்கம், ஓசூரும் பெங்களூரும் தங்கும் பட்டியல். காட்பாடி சந்திப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சென்னை, பெங்களூரு இரண்டு திசையும் திறந்திருக்கும்.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், சம்பளம் என்பது ஊரைப் பொறுத்த எண். வீட்டிலிருந்து போகும் 15,000 ரூபாயும், அறை வாடகை கட்டிச் சென்னையில் வாங்கும் 20,000 ரூபாயும் மாதக் கடைசியில் கையில் நிற்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பெண் பிள்ளைகள் ஷிஃப்ட் நேரம், பஸ் நிற்கும் இடம், விடுதி மூன்றையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு வீட்டில் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் ஆஃபர்தான் கைவிட்டுப் போகிறது.

2. அதே வேலைக்கு வேறு என்ன பெயர்கள் உண்டு என்று திரட்டுங்கள்

டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த ஒருவர் 'குவாலிட்டி இன்ஸ்பெக்டர்' என்று மட்டும் தேடினால் பாதி வேலை கண்ணில் படாது. கியூ.சி. இன்ஜினீயர், லைன் குவாலிட்டி, இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன், சப்ளையர் குவாலிட்டி, குவாலிட்டி டிரெய்னி என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.

எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு. ஒரே பெயரில் வேறு வேறு வேலைகள். ராணிப்பேட்டையில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனி 'குவாலிட்டி' என்றால் வெர்னியர், மைக்ரோமீட்டர் மாதிரியான அளவுக் கருவிகள், டிராயிங். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி 'குவாலிட்டி' என்றால் தையல், ஒட்டு, நிறம், ஜோடிப் பொருத்தம், ஏ.க்யூ.எல். முறையில் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று வரம்பு வைத்து) மாதிரி எடுத்துப் பார்ப்பது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் கணக்கே தப்பாகிவிடும்.

லைஃப் சயின்ஸ் முடித்தவர்கள் மெடிக்கல் கோடிங் தேடும்போது இதே வழுக்கல். 'ரெவின்யூ சைக்கிள்' என்று வரும் விளம்பரங்களில் கோடர் வேலையும் இருக்கும், ஏ.ஆர். காலர் வேலையும் இருக்கும். முன்னது மருத்துவக் குறிப்பைப் படித்துக் குறியீடு போடுவது; பின்னது அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இரவு ஷிஃப்டில் போனில் பேசுவது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், செய்ய வேண்டிய பணியை விவரிக்கும் வரிகளைப் படித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

3. செய்தி வரும் வழிகளை நாலாகக் குறைத்துக்கொள்ளுங்கள்

முதல் வழி, அரசு நடத்தும் இலவசத் தளங்கள். தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம், மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், இரண்டிலும் பதிவு செய்யுங்கள். அப்ரெண்டிஸ் வாய்ப்புகளுக்கு டிகிரி, டிப்ளமாக்காரர்களுக்கு மத்திய அரசின் நாட்ஸ் (NATS) தளம்; ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளம்.

இரண்டாவது, உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு நீங்கள் எந்த மாவட்டத்தில் வருகிறீர்கள் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையை வைத்துக்கொண்டு வேறு மாவட்டத்து அலுவலகத்துக்கு அலைபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிறிய அளவிலான தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் அங்கே நடக்கும், பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமையில். தேதியை மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பில் பாருங்கள்.

முகாமுக்கு ரெஸ்யூம் கொடுக்க மட்டும் போகாதீர்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கும் தாளில் என்ன தகுதி, எத்தனை பேர், என்ன சம்பளம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு காலைப் பொழுதில் சந்தை மொத்தமும் ஒரே கூடத்தில் வந்து உட்காரும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது.

மூன்றாவது, கம்பெனிகளின் சொந்த இணையதளத்தில் உள்ள 'கேரியர்ஸ்' பக்கம். உங்கள் சுற்றளவுக்குள் வரும் பத்துக் கம்பெனிகளைப் பட்டியலிட்டு வாரம் ஒருநாள் மட்டும் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனை, ராணிப்பேட்டை பெல் போன்ற இடங்களின் அறிவிப்பு அவர்களுடைய தளத்தில் வருவதுதான் செல்லும். குழுவில் வரும் படம் பழையதாகவோ திருத்தப்பட்டதாகவோ இருக்கலாம்.

நான்காவது, நௌக்ரி, லிங்க்ட்இன் மாதிரியான பெரிய தளங்கள். தினமும் தேட வேண்டாம். இரண்டாம் படியில் திரட்டிய பெயர்களைப் போட்டு 'அலர்ட்' வைத்துவிட்டால் மின்னஞ்சலுக்கே வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். குழுவில் ஒரு வேலையைப் பார்த்தால் கம்பெனி தளத்தில் போய்ச் சரிபார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள். ஒரே காலியிடத்தை ஐந்து கன்சல்டன்சிகள் ஐந்து விளம்பரமாகப் போடும். அதை ஐந்தாக எண்ணினால் அந்த வேலைக்குப் பெரிய தேவை இருப்பதாகத் தோன்றும்.

4. விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படுகிறார்கள். தகுதியும் சம்பளமும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாதிரிக்கு ஒரு விளம்பரம்:

"குவாலிட்டி இன்ஸ்பெக்டர் தேவை. டிப்ளமா மெக்கானிக்கல். அனுபவம் 0 முதல் 2 ஆண்டு. வெர்னியர், மைக்ரோமீட்டர் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஜி.டி. அண்ட் டி., எக்செல் தெரிந்தால் முன்னுரிமை. சுழற்சி ஷிஃப்ட். சம்பளம் 20,000 வரை, சி.டி.சி. பஸ், கேன்டீன் உண்டு. உடனே சேர வேண்டும்."

'0 முதல் 2 ஆண்டு' என்றால் புதியவருக்கும் இடமுண்டு. ஆனால் உங்களோடு வரிசையில் ஒன்றரை வருட அனுபவக்காரரும் நிற்பார். அப்ரெண்டிஸ் முடித்திருந்தால் அந்த இடைவெளி குறையும். 'வரை' என்பது அனுபவக்காரருக்கான எண். புதியவருக்கு அதற்குக் கீழேதான். 'சி.டி.சி.' என்றால் கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தம். கையில் வருவது வேறு. எட்டாம் படியில் கணக்கோடு சொல்கிறேன். 'உடனே சேர வேண்டும்' என்றால் யாரோ திடீரென விலகியிருக்கலாம், அல்லது புது ஆர்டர் வந்திருக்கலாம். இரண்டில் எது என்று நேர்காணலில் மரியாதையாகக் கேட்கலாம், தவறில்லை.

'ஜி.டி. அண்ட் டி.' என்பது டிராயிங்கில் அளவும் வடிவமும் எவ்வளவு விலகலாம் என்று குறிக்கும் முறை. எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் 'முன்னுரிமை'. 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரி சந்தையின் இன்றைய நிலை. 'தெரிந்தால் முன்னுரிமை' என்ற வரி சந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. இன்று முன்னுரிமை வரியில் இருக்கும் ஒரு திறன் மெல்ல மெல்லக் கட்டாய வரிக்கு ஏறிவரும். அப்படி ஏறிவருவதைக் கண்டுபிடிப்பதுதான் சந்தையைப் பின்தொடர்வதன் முழு நோக்கமே. எனவே நோட்டில் இரண்டையும் ஒரே பெட்டியில் எழுதிவிடாதீர்கள்.

5. நோட்டில் எண்ணுங்கள்

ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி. தேதி, கம்பெனி, ஊர், வேலைப் பெயர், கல்வி, அனுபவம், கட்டாயத் திறன்கள், முன்னுரிமைத் திறன்கள், சம்பளம், கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுப்பதா) கான்ட்ராக்ட்டா, எங்கே பார்த்தது. இவ்வளவு போதும். மாதம் 20 விளம்பரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு சேர்க்கிறேன் என்று தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

மாதக் கடைசியில் ஒவ்வொரு திறனுக்கும் கோடு போட்டு எண்ணுங்கள். மார்ச்சில் சேர்த்த 20 விளம்பரத்தில் ஜி.டி. அண்ட் டி. கட்டாயம் என்று 4, முன்னுரிமை என்று 7 இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஜூனில் புதிதாகச் சேர்த்த 20ல் கட்டாயம் 9, முன்னுரிமை 5 என்று வந்தால் அந்தத் திறன் ஏறிவருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 4 இருந்தது 5 ஆனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; 20 விளம்பரத்தில் ஒன்றிரண்டு ஏறி இறங்குவது சாதாரணம்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

ஒன்று, தனக்குப் பிடித்த விளம்பரத்தை மட்டும் எழுதுவது. தகுதிக்கு மேலே கேட்கிறார்கள் என்று ஒதுக்கிய விளம்பரமும் நோட்டில் இருக்க வேண்டும். அதில்தான் வரப்போவது தெரியும்.

இரண்டு, ஒரே கம்பெனி மாதாமாதம் அதே விளம்பரத்தைப் போடுவதைக் கவனிக்காமல் விடுவது. அங்கே ஆள் நிற்பதில்லை என்று அர்த்தமாகலாம், கம்பெனி விரிவடைகிறது என்றும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். ஏழாம் படியில் விசாரிக்கலாம்.

மூன்று, பருவத்தை மறப்பது. மே முதல் ஜூலை வரை படித்து முடித்தவர்களை எடுக்கும் காலம், விளம்பரம் கூடும். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு வேலை மாறுபவர்கள் உண்டு, அதன் பிறகு காலியிடம் தெரியும். எனவே ஜூனையும் செப்டம்பரையும் ஒப்பிட்டு 'வேலை குறைந்துவிட்டது' என்று பயப்பட வேண்டாம். 20ல் எத்தனை விளம்பரம் ஒரு திறனைக் கேட்கிறது என்ற விகிதத்தைத்தான் மாதாமாதம் ஒப்பிட வேண்டும். மொத்தம் கண்ணில் பட்ட விளம்பரங்களின் எண்ணிக்கையைப் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முதல் வருடம் அந்த ஒப்பீடு கிடையாது, பரவாயில்லை.

6. பெரிய செய்திகளை உங்கள் வேலைக்கு மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்

செய்தித்தாளில் இரண்டு வகைச் செய்தி வரும்: வருகிறது, போகிறது. இரண்டையும் அப்படியே நம்பி ஓடக் கூடாது, அலட்சியமும் கூடாது.

வருகிற செய்திக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28ல் அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு மேல் வேலை என்றார்கள். செய்தி வந்த வாரமே 'டாடாவில் ஆள் எடுக்கிறார்கள்' என்று குழுக்களில் போலிப் படிவங்கள் சுற்றத் தொடங்கிவிடும். உண்மையில் ஒரு ஆலை ஒரேயடியாக ஆள் எடுப்பதில்லை.

முதலில் கட்டடப் பணி: சிவில், எலக்ட்ரிக்கல், வெல்டிங், பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள் வழியாக. அடுத்து இயந்திரம் பொருத்தும் கட்டம்: மெயின்டனன்ஸ், ஆட்டோமேஷன், பி.எல்.சி. (இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தெரிந்த அனுபவக்காரர்கள். பிறகு உற்பத்திக்கான டிரெய்னிகள், அப்ரெண்டிஸ்கள். அதோடு பாகங்கள் செய்து கொடுக்கும் சப்ளையர் கம்பெனிகள். புதியவருக்கு வாய்ப்பு அதிகமாக இருப்பது இந்தக் கடைசி இரண்டில்தான். முழு உற்பத்தித் திறனை எட்டவே பல ஆண்டுகள் ஆகும் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஆகவே முதலீட்டுச் செய்தியைப் பார்த்தால் நோட்டில் இப்படி எழுதுங்கள்: இப்போது எந்தக் கட்டம், என் வேலை எந்தக் கட்டத்தில் வரும், அதற்குள் நான் என்ன கற்றிருக்க வேண்டும். வாகனத் துறைக்குப் பாகம் செய்பவர்கள் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தர முறையைப் பின்பற்றுகிறார்கள். குவாலிட்டி பக்கம் போக நினைப்பவர் அதன் அடிப்படையைத் தெரிந்துகொள்ள இப்போதே தொடங்கலாம்.

போகிற செய்திக்கும் உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது வரியை 50 சதவீதமாக்கியபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ ஏற்றுமதியை நம்பியிருக்கும் குடும்பங்களில் என்ன பேச்சு ஓடியது என்று பலருக்கும் நினைவிருக்கும். இந்த மாதிரி நேரத்தில் சரிவு ஒரு வரிசையில்தான் தெரியும். முதலில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நிற்கும். அடுத்து வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் குறையும். ஊர்களில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்குத்தான் முதல் அடி. பிறகு கான்ட்ராக்ட் ஆட்களைப் புதுப்பிக்க மாட்டார்கள். விளம்பரத்தில் 'ஃப்ரெஷர்' என்ற சொல் மறைந்து 'அனுபவம் உள்ளவர் மட்டும்' என்று வரும். கம்பெனி ரோல் ஆட்களைத் தொடுவது கடைசியில்தான்.

ஓ.டி. நின்றதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்வது ஒரு விலைமதிப்புள்ள தகவல். விளம்பரத்தில் அது தெரிய இன்னும் சில வாரம் ஆகும். அதே துறைக்குள் வேறு ஏற்றுமதி நாட்டை நம்பும் கம்பெனி, உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் கம்பெனி, தோல் அல்லாத ஷூ செய்யும் கம்பெனி என்று பிரித்துப் பாருங்கள். எல்லாமே ஒரே நேரத்தில் விழுவதில்லை.

நாட்டு அளவிலான எண்களுக்கு இரண்டு போதும்: புதிதாகச் சேர்ந்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குகள் பற்றி அதை நடத்தும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பு வெளியிடும் மாதாந்திரத் தகவல். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (பி.எல்.எஃப்.எஸ்.), 2025 முதல் அதுவும் மாதாமாதம் வருகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவை காட்டும். உங்கள் முடிவை உங்கள் நோட்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

7. உள்ளே வேலை செய்பவரிடம் கேளுங்கள்

ஐந்தாம் படியை முடிக்காமல் இங்கே வராதீர்கள். வெறும் கையோடு போனால் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியாது. அவரும் "பார்க்கலாம்ப்பா" என்று முடித்துவிடுவார். நோட்டில் ஒரு மாதக் கணக்கு இருந்தால் அவரே உட்கார்ந்து பேசுவார், ஏனென்றால் அவருக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

யாரைக் கேட்பது? உங்கள் கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் முன்னால் முடித்த சீனியர். மேலாளரைவிட இவர்தான் பயன்படுவார். எடுக்கும் முறையை அவர் அண்மையில்தான் கடந்து வந்திருக்கிறார். இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணா, நான் உங்க ஜூனியர், மெக்கானிக்கல், இந்த வருஷம் முடிச்சேன். ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குவாலிட்டி வேலை விளம்பரம் ஒரு மாசமா குறிச்சு வெச்சிருக்கேன். மூணே மூணு கேள்வி இருக்கு. உங்களுக்கு வசதிப்படற நேரத்துல பத்து நிமிஷம் பேசலாமா அண்ணா?"

கேட்க வேண்டியவை: உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் எந்த வழியாக வந்தார்? சேர்ந்த முதல் மாதத்தில் எது தெரியாமல் திணறுகிறார்கள்? முன்பு கேட்காத எதை இப்போது நேர்காணலில் கேட்கிறார்கள்? ஐந்தாம் படியில் கேள்விக்குறி போட்டு வைத்த கம்பெனி பற்றியும் இங்கே கேட்டுவிடுங்கள். வேலையை மட்டும் கேட்காதீர்கள். அவரால் வாங்கித்தர முடியாத ஒன்றைக் கேட்டால் அடுத்த முறை போன் எடுக்கத் தயங்குவார். உங்கள் பெயர் அவருக்கு நினைவிருந்தால், காலியிடம் வரும்போது அவரே அழைப்பார்.

8. சம்பளத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

நோட்டில் உள்ள சம்பள எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. ஒன்று சி.டி.சி., ஒன்று கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), ஒன்று கையில் வருவது. எல்லாவற்றையும் 'கையில்' என்பதற்கு மாற்றுங்கள்.

கிராஸ் 18,000, அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 15,000 என்று வையுங்கள். பி.எஃப். 12 சதவீதம், 1,800. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஸில் 0.75 சதவீதம், 135. கையில் 16,065. கம்பெனி தன் பங்காகப் பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் என 585 கட்டும். இதையும் கூட்டினால் 20,385. இந்த எண்தான் விளம்பரத்தில் '20,000க்கு மேல்' என்று வருகிறது. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

பிடித்தம் இருக்கிறதே என்று பி.எஃப். இல்லாத இடத்தைத் தேடிப் போகாதீர்கள். அது உங்கள் பணம், கம்பெனி பங்கோடு சேர்ந்து நிற்கிறது; வேலை செய்த காலத்துக்கு அசைக்க முடியாத சாட்சியும்கூட. அடுத்த கம்பெனி அனுபவத்தைச் சரிபார்க்கும்போது யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) பதிவைத்தான் பார்க்கிறார்கள். நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கட்டாயம்.

'டிரெய்னி' என்பதையும் 'அப்ரெண்டிஸ்' என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி சேர்பவர் பயிற்சியாளர்தான், தொழிலாளர் அல்ல. உதவித்தொகை வரும், பி.எஃப். வராது, முடித்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். ஒரு ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் ஆகிவிட்டால் நாட்ஸ் அப்ரெண்டிஸுக்குத் தகுதி போய்விடும். அதனால் அந்த வழி வேண்டுமென்றால் படித்து முடித்த உடனே முயற்சி செய்ய வேண்டும்.

9. கோர்ஸ் இப்போதுதான்

மூன்று மாத நோட்டில் ஏறிவரும் திறன் எது, உங்களிடம் இல்லாதது எது, உள்ளே இருப்பவரும் அதைத்தான் சொன்னாரா? மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் பணம் கட்டுங்கள்.

கட்டும் முன் இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளிலும் நிறைய இருக்கிறது. தனியார் மையம் என்றால் அங்கே முடித்து வேலையில் இருக்கும் இருவரின் எண்ணைக் கேளுங்கள். '100 சதவீத வேலை உறுதி' என்று சொல்லும் மையம் அந்த எண்களைத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிக் கட்டவே வேண்டாம்.

10. ஏமாற்றை வடிகட்டுங்கள்

வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், போலீஸ் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. பெரிய கம்பெனி பெயரில் வந்து முகவரி ஜிமெயிலாக இருந்தால் கம்பெனியின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். நேரம் கடந்தால் மீட்பது கடினமாகும்.

வெளிநாடு என்றால் முகவர் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து, கம்போடியா, டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம் என்று யார் சொன்னாலும் போக வேண்டாம். அப்படிப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, அரசு தலையிட்டு மீட்க வேண்டி வந்திருக்கிறது. சொந்தக்காரர் மூலம் வந்த வாய்ப்பு என்றாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள், அவரும் ஏமாற்றப்பட்டிருக்கலாம்.

11. அரசுத் தேர்வுக்குத் தனிப் பக்கம்

டி.என்.பி.எஸ்.சி. படிப்பவர்கள் இரண்டையும் ஒரே நோட்டில் கலக்க வேண்டாம். அங்கே கவனிக்க வேண்டியவை வேறு: ஆண்டுத் திட்ட அட்டவணை, பாடத்திட்ட மாற்றம், வயது வரம்பு, ஒருமுறைப் பதிவு காலாவதியாகும் தேதி. நர்சிங், லேப் டெக்னீஷியன் படித்தவர்கள் எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு மையத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் பயிற்சி இலவசம். எந்தத் தேர்வோடு நிறுத்திக்கொண்டு தனியார் பக்கம் முழுதாகத் திரும்புவது என்று வீட்டாரோடு பேசி, அந்தத் தேதியை அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிவையுங்கள். எழுதாதவர்களுக்கு அது வருடா வருடம் தள்ளிப்போகிறது.

12. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம். போன மாத எண்ணிக்கை, ஏறிய திறன், இறங்கிய திறன், அனுப்பிய விண்ணப்பம், வந்த அழைப்பு. ரெஸ்யூமில் உள்ள சொற்களை நோட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்களோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். உங்களுக்கு உண்மையில் தெரிந்ததை மட்டும். 'அளவுக் கருவிகள் தெரியும்' என்று பொதுவாக எழுதியிருந்தால் 'வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ்' என்று மாற்றுங்கள். ரெஸ்யூமைப் பிரிப்பவர் தேடும் சொல் அதுதான்.

விண்ணப்பம் நிறைய, அழைப்பே இல்லை என்றால் ரெஸ்யூமையும் தகுதியையும் பாருங்கள். அழைப்பு வருகிறது, நேர்காணலில் நிற்கிறது என்றால் ஏழாம் படிக்குத் திரும்பி, அங்கே என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். விளம்பரமே மூன்று மாதமாகத் தொடர்ந்து குறைகிறது, உள்ளே இருப்பவரும் ஓ.டி. இல்லை என்கிறார் என்றால் வேலைப் பெயரையே மாற்றும் நேரம். முதல் படியில் பக்கத்தில் எழுதி வைத்த இரண்டாவது வேலையை எடுத்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டுத் தொடங்குங்கள். பழைய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். அடுத்த வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட அவை தேவைப்படும்.